1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்விஃப்ட், டிசையர், புண்டோ, லீனியா, விஸ்டா, ஜெஸ்ட், சியாஸ், பிரெஸ்ஸா என்று பெயர்ப் பலகை மாறினாலும், 2007 முதல் 2020 வரை இந்தியாவில் விற்ற இந்த டீசல் கார்களின் பானட்டுக்குள் இருந்தது நான்கு சிலிண்டர் கொண்ட ஒரே எஞ்சின் குடும்பம்தான். இன்றும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டி வாங்குபவர்களும், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், பட்டறை வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இது யாருடைய எஞ்சின்?

ஃபியட்டுடையது. 2000-இல் ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கைகோத்தபோது உருவான கூட்டு நிறுவனத்தின் கீழ், போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா ஆலையில் 2003-இல் உற்பத்தி தொடங்கியது. முதலில் வந்தது ஃபியட் புண்டோவில். அதே காலத்தில் ஓப்பல் வண்டிகளுக்கும், ஐரோப்பாவில் விற்ற சுசுகி இக்னிஸுக்கும் போனது. 2005-இல் ஃபியட்-ஜிஎம் கூட்டணி முறிந்த பிறகும் இரண்டு தரப்பும் இந்த எஞ்சினைப் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. அதே 2005-இல் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருதும் கிடைத்தது. பின்னாளில் ஃபோர்டு கா, பெஜோ பிப்பர், சிட்ரோயன் நெமோ ஆகியவற்றிலும் இதே எஞ்சினைப் பொருத்தினார்கள்.

மல்டிஜெட் என்ற பெயரில் என்ன விசேஷம்?

காமன் ரெயில் முறையில் டீசலை ஓர் எஃகுக் குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கி வைத்து, இன்ஜெக்டரை மின்சாரத்தால் திறந்து மூடுகிறார்கள். கார்களில் இதை முதலில் கொண்டுவந்தது 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-இன் ஜேடிடி எஞ்சின். அந்தத் தலைமுறையில் ஒரு சுற்றுக்கு இரண்டு தெளிப்பு: சிறிய முன்தெளிப்பு ஒன்று, முதன்மைத் தெளிப்பு ஒன்று. மல்டிஜெட் இதை ஐந்து வரை பிரித்தது.

பிரிப்பதால் என்ன லாபம்? டீசல் மொத்தமாக ஒரே நேரத்தில் பற்றினால் சிலிண்டருக்குள் அழுத்தம் சட்டென்று எகிறும். பழைய டீசல் வண்டிகளின் ‘கடகட’ சத்தம் அதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அழுத்தம் படிப்படியாக ஏறும், சத்தம் அடங்கும், கரி குறையும். இவ்வளவு சிறிய டீசல் எஞ்சினைக் குடும்பக் காரில் வைத்து ஓட்ட முடிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். 2009-இல் வந்த மல்டிஜெட் 2, இன்ஜெக்டரின் வால்வை மாற்றியமைத்து, ஒரு சுற்றுக்கு எட்டுத் தெளிப்பு வரை செய்யும் அளவுக்கு அதன் வேகத்தைக் கூட்டியது.

எஞ்சினின் அடிப்படை அளவுகள் என்ன?

சிலிண்டர் விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 82 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1248 சிசி. எரியும் வரிசை 1-3-4-2. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), பதினாறு வால்வு. வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்களே பார்த்துக்கொள்வதால் டேப்பட் செட்டிங் வேலை இதில் கிடையாது. ‘டேப்பட் அடிக்கணும்’ என்று ஒரு பட்டறை பில் போட்டால் அங்கேயே கேள்வி கேளுங்கள். கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, செயின். அமுக்க விகிதம் ஆரம்பத்தில் 18:1, பிறகு 17.6:1.

விட்டத்தைவிட ஓட்டம் நீளமான அமைப்பு இது. குறைந்த வேகத்தில் முறுக்குவிசை தருவதற்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஏற்றது.

டிடிஐஎஸ், குவாட்ராஜெட், ஸ்மார்டெக், சிடிடிஐ எல்லாம் ஒன்றா?

ஆம். மாருதி சுசுகி அதை டிடிஐஎஸ் என்றது, எஞ்சின் குறியீடு டி13ஏ. டாடா குவாட்ராஜெட் என்றது. செவ்ரோலே செயில் வண்டியில் ஸ்மார்டெக். ஐரோப்பாவில் ஓப்பலுக்குச் சிடிடிஐ. இசட்13டிடி 70 குதிரைத்திறன், இசட்13டிடிஜே 75, இசட்13டிடிஎச் 90. ஃபியட்டின் சொந்தக் குறியீடுகளில் 188ஏ9000 என்றால் 70, 199ஏ2000 என்றால் 75, 199ஏ3000 என்றால் 90. பிரீமியர் ரியோவின் டீசல் வடிவத்திலும் இதே எஞ்சின் வந்தது.

மாருதி வண்டியில் டிடிஐஎஸ் என்பதற்குப் பின்னால் வரும் எண் குதிரைத்திறன் அல்ல, முறுக்குவிசை. டிடிஐஎஸ் 190 என்றால் 190 நியூட்டன் மீட்டர், டிடிஐஎஸ் 200 என்றால் 200.

குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு எஞ்சின்கள் உண்டு. எஸ்-கிராஸில் வந்த டிடிஐஎஸ் 320 ஃபியட்டின் 1.6 மல்டிஜெட், அது வேறு குடும்பம், அதில் டைமிங் பெல்ட் இருக்கிறது, காலக்கெடுப்படி மாற்றியாக வேண்டும். 2019-இல் சியாஸிலும் எர்டிகாவிலும் வந்த டிடிஐஎஸ் 225, சுசுகி சொந்தமாகச் செய்த 1498 சிசி எஞ்சின். அதற்கும் இதற்கும் உதிரி பாகம் பொருந்தாது.

செவ்ரோலே பீட் டீசல் இதன் தம்பி முறை. 936 சிசி, மூன்று சிலிண்டர். விட்டமும் ஓட்டமும் அதே 69.6, 82 மி.மீ.; நான்கில் ஒரு சிலிண்டரைக் குறைத்தால் கிடைக்கும் கணக்கு.

75-க்கும் 90-க்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

முக்கிய வித்தியாசம் டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம். 75 குதிரைத்திறன் வடிவத்தில் நிலையான அமைப்பு கொண்ட சிறிய டர்போ. அழுத்தம் அளவு மீறினால் வேஸ்ட்கேட் திறந்து புகையை வெளியே விடும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், பலேனோ, இக்னிஸ், விஸ்டா குவாட்ராஜெட், போல்ட் எல்லாம் இந்த வகை. நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் 75 குதிரைத்திறன். முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர், ஸ்விஃப்டில் 2000 சுழற்சியில்.

90 குதிரைத்திறன் வடிவத்தில் விஜிடி, அதாவது உள்ளே அசையும் இதழ்கள் கொண்ட டர்போ. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இதழ்கள் குறுகிப் புகையை வேகமாகப் பாயவிடும். வேகம் கூடக்கூட விரியும். 200 நியூட்டன் மீட்டர் 1750 சுழற்சியிலேயே கிடைக்கும். எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, மான்சா, விஸ்டா டி90, ஜெஸ்ட் ஆகியவற்றில் இது வந்தது. ஃபியட் லீனியாவின் பிந்தைய வடிவத்திலும் புண்டோ 90-இலும் 209 நியூட்டன் மீட்டர் வரை ட்யூன் செய்திருந்தார்கள்.

எதை வாங்குவது என்றால், வண்டியின் எடையையும் ஓட்டத்தையும் பாருங்கள். ஊருக்குள் சின்ன வண்டி, குறைந்த பராமரிப்புச் செலவு என்றால் 75 போதும்; அதன் டர்போவில் கெட்டுப்போக இடம் குறைவு. ஏழு பேர் ஏறும் எர்டிகா, மலைப்பாதை, நெடுஞ்சாலை என்றால் 90-ஐ விட வேண்டாம்.

2000 சுழற்சிக்குக் கீழே வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. பழுதா?

75 குதிரைத்திறன் வடிவத்தில் அது இயல்பு. 1248 சிசி எஞ்சின், டர்போ காற்று தராத நேரத்தில் வெறும் சின்ன எஞ்சின்தான். டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகை வராத வரை சக்தி வராது. மேட்டில் இரண்டாம் கியரில் 1300 சுழற்சியில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிப்பதால் பயனில்லை. கரி சேர்வதுதான் மிச்சம். ஒரு கியர் குறைத்து 1800-க்கு மேல் வைத்து ஓட்டுங்கள். முன்பு நன்றாக இழுத்த வண்டி இப்போது 2500 தாண்டியும் சோம்பலாக இருந்தால் மட்டும் அது பழுது. அதற்கான பதில் கீழே இருக்கிறது.

இந்தியாவில் ஏன் இத்தனை கம்பெனிகள் இதையே வாங்கின?

2006 பட்ஜெட்டில் மத்திய அரசு சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தது. நீளம் 4 மீட்டருக்குள், டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1248 சிசி அதில் சிரமமின்றி அடங்கியது. சுசுகி பவர்டிரெய்ன் இந்தியா மானேசரில் ஃபியட் உரிமத்தின்பேரில் ஆலை அமைத்தது; 2007-இல் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. புனே அருகே ரஞ்சன்கானில் ஃபியட்-டாடா கூட்டு ஆலையும் இதே எஞ்சினைச் செய்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை இடைவெளி அதிகமாக இருந்த அந்த ஆண்டுகளில் மானேசர் ஆலையால் தேவையை ஈடுகட்ட முடியாமல், 2012-இல் மாருதி தன் போட்டியாளரான ஃபியட்டிடமே ஆண்டுக்கு ஒரு லட்சம் எஞ்சின் வரை வாங்க ஒப்பந்தம் போட்டது. ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்று வாகன இதழ்கள் பட்டம் கொடுத்தது சும்மா இல்லை.

எந்த ஆயில், எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்த எஞ்சின் ஃபில்டருடன் சேர்த்துப் பிடிக்கும் ஆயில் சுமார் 3 முதல் 3.2 லிட்டர்தான். டீசல் எஞ்சினுக்கு இது மிகக் குறைவு. இந்த மூன்று லிட்டர்தான் பேரிங்கைக் காக்கிறது, டர்போவைக் குளிர்விக்கிறது, ஹைட்ராலிக் அட்ஜஸ்டரை நிரப்புகிறது, டைமிங் செயினைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் தள்ளிப் பிடிக்கிறது. ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மிச்சம் இருப்பது அதிகச் சூட்டில் ஓடும், கரி அதில் செறிந்து சீக்கிரம் தடிக்கும், டென்ஷனருக்குப் போகும் நுண்ணிய துளை அடைபடும்.

கையேட்டில் மாருதிக்கு 10,000 கி.மீ., ஃபியட்டுக்கு 15,000 கி.மீ. என்று இருக்கும். எங்கள் பரிந்துரை: நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் 10,000, நகர நெரிசல், குறுந்தூர ஓட்டம், டாக்ஸி ஓட்டம் என்றால் 7,500. ஓடவே இல்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை. கையேடு சொல்லும் தரத்தில் முழுச் சிந்தெடிக் 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40 ஊற்றுங்கள். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள ஐரோப்பிய வண்டிகளுக்குக் குறைந்த சாம்பல் தரும் சி2 வகை கட்டாயம். இந்தியாவின் பிஎஸ்4 மாசு விதிப்படி வந்த இந்த வண்டிகளில் டிபிஎஃப் கிடையாது. மலிவுக்காக 20டபிள்யூ-50 ஊற்றுவது காலையில் ஸ்டார்ட் செய்யும்போது செயினைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

மாதம் இருமுறை, சமதளத்தில், எஞ்சின் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் விளக்கு எரியும் வரை காத்திருக்காதீர்கள். அந்த விளக்கு அழுத்தத்தைக் காட்டுவது, அளவைக் காட்டுவது அல்ல. அது எரியும்போது சேதம் நடந்துகொண்டிருக்கும்.

டைமிங் செயின் ஆயுள் முழுக்க வரும் என்றார்களே?

விற்பவர் சொன்னது அது. செயினுக்கு மாற்றும் காலக்கெடு கையேட்டில் இல்லை என்பது உண்மைதான். ஆயில் ஒழுங்காக மாற்றிய எஞ்சின்களில் 2 லட்சம் கி.மீ. தாண்டியும் முதல் செயின் நன்றாக இருப்பதுண்டு. ஆயில் தாமதமாக மாற்றியவற்றில் 1 லட்சத்துக்குள்ளேயே சத்தம் வரும். செயின் ஒற்றை வரிசை. அதன் ஊசிகளும் புஷ்களும் தேயத் தேய நீளம் கூடும். டென்ஷனர் தள்ளிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் எல்லையைத் தொட்டுவிடும்.

அறிகுறி இதுதான்: இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினின் துணை பெல்ட் (ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுழற்றுவது) பக்கத்திலிருந்து உலோகம் உரசும் ‘கரகர’ ஒலி. ஆயில் அழுத்தம் ஏறியதும் ஓரிரு வினாடியில் நின்றால் கண்காணியுங்கள். மூன்று நான்கு வினாடிக்கு மேல் நீடித்தாலோ, சூடான பிறகும் ஐடிலில் கேட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். சில வண்டிகளில் சத்தத்துக்கு முன்பே கேம்-கிராங்க் ஒத்திசைவுப் பிழை ஸ்கேனரில் வரும். அதைப் பார்த்துச் சென்சாரை மட்டும் மாற்றி அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

செயின் மாற்றும்போது என்னென்ன மாற்ற வேண்டும்? எப்படிச் செய்ய வேண்டும்?

செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு. செயின், டென்ஷனர், அசையும் கைடு, நிலையான கைடு, கிராங்க் முன் சீல், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) சீலண்ட், புது ஆயில், புது ஃபில்டர் ஆகியவை ஒரே தொகுப்பு. ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தால் அவையும் சேரும்.

வரிசை: பேட்டரி கழற்றி, ஆயிலை வடித்து, எஞ்சினைக் கீழிருந்து தாங்கிப் பிடித்து, வலப்பக்க மவுண்டைக் கழற்ற வேண்டும். துணை பெல்ட், கிராங்க் புல்லி, பிறகு சம்ப், பிறகு முன் கவர். ஆயில் பம்ப் அந்த முன் கவரிலேயே இருக்கிறது. கவரைக் கழற்றிய கையோடு பம்பின் உள்சுவரில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீறல் நகத்தில் சிக்கினால் கவரையே மாற்றுவது நல்லது.

கேம்ஷாஃப்ட் இரண்டையும் அவற்றுக்குரிய லாக் பின் போட்டும், கிராங்க்கை ஃப்ளைவீல் பக்கம் பின் போட்டும் பூட்டிய பிறகே பழைய செயினை எடுக்க வேண்டும். பெயிண்ட் குறி வைத்துச் செய்யும் வேலையை இந்த எஞ்சின் பொறுக்காது. செயின் நீண்டிருக்கும்போது வைத்த குறி ஏற்கெனவே தவறான குறி. புதியதை மாட்டி டென்ஷனரை விடுவித்ததும், பின்களை எடுத்துவிட்டுக் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மீண்டும் தாமாக நுழைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இடித்து நுழைத்தால் ஒரு பல் தள்ளிப்போயிருக்கிறது.

சீலண்ட் தடவும்போது மெல்லிய கோடு போதும். தாராளமாகத் தடவினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஆயில் சல்லடையில் போய் அடைக்கும். செயின் வேலை முடிந்து ஆயிரம் கிலோமீட்டரில் எஞ்சின் பிடித்துப்போவதற்கு இது ஒரு காரணம். சீலண்ட் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விட்டு, ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிய நிலையில் ஸ்டார்ட்டரைச் சில வினாடி சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள்.

செயின் தாவிவிட்டது அல்லது அறுந்துவிட்டது. எஞ்சின் போச்சா?

அவசரப்பட்டு எஞ்சினைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். இந்த எஞ்சினில் வால்வுகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. பிஸ்டன் மேலே வந்து இடிக்கும்போது பெரும்பாலும் முறிவது வால்வுக்கு மேலிருக்கும் சின்ன ரோலர் ராக்கர்கள். கேம்ஷாஃப்ட் இருக்கும் மேல்பகுதியைக் கழற்றிப் பதினாறு ராக்கரையும் எடுத்துப் பாருங்கள். முறிந்தவற்றை எண்ணி, துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா என்று சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றுக் கசிவுச் சோதனை செய்தால் வால்வு வளைந்ததா இல்லையா என்று தெரியும். வளையவில்லை என்றால் ராக்கர் தொகுப்பு, செயின் தொகுப்புடன் எஞ்சின் மீண்டும் ஓடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட் செலவைச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பிக்-அப் போய்விட்டது, கரும்புகை வருகிறது. எங்கே தொடங்குவது?

செலவு குறைந்ததிலிருந்து. முதலில் ஏர் ஃபில்டர். அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள். அடிப்பக்கம் வெடிப்பு இருந்தால் மேலிருந்து தெரியாது, ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஹோஸ்தான். டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டிய எத்தனையோ வண்டிகள் ஒரு ஹோஸில் சரியாகியிருக்கின்றன.

அதற்கடுத்து ஈஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்புவது அதன் வேலை. புகையின் கரியும் கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் கலந்து தார் போல் படிந்து, வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். கழற்றிக் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். மோட்டார், மின் இணைப்புப் பக்கம் திரவம் போகக் கூடாது. கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டையும் எட்டிப் பாருங்கள், துளை பாதியாகக் குறுகியிருந்தால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் பலன் முழுமையாகக் கிடைக்காது.

90 குதிரைத்திறன் வண்டியில் மேலும் ஒன்று: விஜிடி இதழ்கள் கரியால் சிக்குவது. நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது திடீரென்று சக்தி போய், வண்டியை நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். டர்போவைக் கழற்றுமுன் அதன் கையை அசைக்கும் வேக்குவம் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது கம்பி தடையின்றி முழுத்தூரமும் போய்வர வேண்டும்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால், ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். ஆயில் ஃபீட் பைப்பின் உள்ளே கரி பிடித்திருந்தால் புது டர்போவும் அதே வழியில் போகும். டர்போவுடன் அந்தப் பைப்பையும் மாற்றுங்கள், இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள்.

ஈஜிஆரை அடைத்துவிட்டால் தொல்லை தீருமா?

தகடு வைத்து அடைத்தால் காற்று அளவு கணக்கு பொருந்தாமல் செக் எஞ்சின் விளக்கு எரியும். எரிப்பு வெப்பம் கூடி நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாகும். அது மாசு விதிகளுக்கு எதிரானது. 40,000 கி.மீ.க்கு ஒருமுறை சுத்தம் செய்வதே சரியான வழி. எப்போதும் நகரத்தில் மட்டும் ஓடும் வண்டியை இடையிடையே அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் 2500 சுழற்சிக்கு மேல் ஓட்டினாலே கரி சேர்வது வெகுவாகக் குறையும்.

காலையில் நீண்ட நேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. என்ன காரணம்?

சமவெளியில் க்ளோ பிளக்கை (குளிரில் சிலிண்டருக்குள் சூடேற்றும் பாகம்) குறை சொல்வதற்கு முன் யோசியுங்கள். நம்மூர் வெப்பத்தில் ஒன்றிரண்டு க்ளோ பிளக் செத்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில்தான் அது வெள்ளைப் புகையாகவும் நடுக்கமாகவும் தெரியும்.

சூடான எஞ்சினும் நீண்ட நேரம் சுற்ற வைத்தால் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். ஸ்கேனரில் கிராங்க் செய்யும்போது சுமார் 150 பாராவது ஏறவில்லை என்றால் எஞ்சின் கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. காரணம் அடைபட்ட டீசல் ஃபில்டராக இருக்கலாம், காற்று புகும் குழாயாக இருக்கலாம், அல்லது இன்ஜெக்டர் உள்ளே கசிந்து டீசலைத் திரும்பு குழாய்க்கு விடுவதாக இருக்கலாம். கடைசியதைக் கண்டுபிடிப்பது எளிது: நான்கு இன்ஜெக்டரின் திரும்பு குழாய்களையும் ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டுச் சில நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. புதியதன் மேலுள்ள குறியீட்டைக் கணினியில் பதிய மறக்காதீர்கள். பதியாவிட்டால் ஐடில் நடுங்கும், புகை வரும்.

இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல் கறுப்பாகப் படிந்து, ‘சக் சக்’ என்று ஒலி வந்தால் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிகிறது. வாஷர் விலை சொற்பம். விட்டுவைத்தால் தார் இறுகி இன்ஜெக்டரையே பிடுங்க முடியாமல் போகும். பழைய வாஷரைத் திருப்பிப் போடுவதும், உட்காரும் இடத்தைச் சுரண்டாமல் புது வாஷர் போடுவதும் ஒன்றுதான். இரண்டும் மீண்டும் கசியும்.

கூலண்ட் டப்பாவில் ஆயில் மிதக்கிறது. ஹெட் கேஸ்கெட்டா?

இருக்கலாம், ஆனால் இந்த எஞ்சினில் முதல் சந்தேகம் ஆயில் கூலர் மீது வர வேண்டும். ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கோடு சேர்ந்த அந்தக் கூலருக்குள் ஆயிலும் கூலண்டும் அருகருகே ஓடுகின்றன. உள்ளே விரிசல் விட்டால், ஆயில் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில்தான் கூலண்டுக்குள் போகும். வண்டி சூடேறவில்லை, கூலண்டில் குமிழி வரவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் நிறமாகவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுமுன் கூலரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யுங்கள். சரிசெய்த பிறகு குளிரூட்டும் சுற்றைப் பலமுறை கழுவ வேண்டும். ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ்கள் ஊதிப்போயிருந்தால் அவையும் மாற வேண்டும்.

ஆயில் மட்டம் குறையாமல் ஏறுகிறதே, நல்லதுதானே?

ஆபத்து. டீசல் கலக்கிறது. டிபிஎஃப் உள்ள ஐரோப்பிய வண்டிகளில், கரியை எரிக்க எஞ்சின் பின்தெளிப்பு செய்யும்போது டீசல் சுவர் வழியே இறங்கும். குறுந்தூர ஓட்டத்தில் அது முடியாமல் நின்று நின்று ஆயில் நீர்த்துப்போகும். டிபிஎஃப் இல்லாத இந்திய வண்டியில் மட்டம் ஏறினால் ஒழுகும் இன்ஜெக்டரைத் தேடுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்னும். மட்டம் அதிகம் ஏறினால் எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்துக் கட்டுப்பாடின்றி ஓடவும் கூடும்.

டீசல் ஃபில்டர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

20,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே வடியுங்கள். ரெயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும் அமைப்பில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு டீசலேதான். அதில் தண்ணீர் வந்தால் உலோகம் உரசி, அந்தத் துகள் மொத்த அமைப்புக்கும் பரவும்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். எஞ்சினில் எதைப் பார்ப்பது?

காலையில், குளிர்ந்த எஞ்சினோடு பார்க்கப் போங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதலில் டிப்ஸ்டிக், மட்டம் கீழ்க்கோட்டுக்கு அருகே இருந்தால் அதுவே உரிமையாளரின் பராமரிப்புச் சான்றிதழ். பிறகு பானட்டைத் திறந்து வைத்து வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செயின் பக்கம் காது கொடுங்கள். ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: லேசான ஆவி இயல்பு, மூடியைத் தள்ளும் அளவுக்குத் துடித்துப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூலண்ட் டப்பாவில் விரல் விட்டு எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று தேய்த்துப் பாருங்கள், சூடாக இருக்கும்போது மட்டும் திறக்காதீர்கள்.

ஓட்டும்போது மூன்றாம் கியரில் 1500-லிருந்து 3500 வரை ஒரே மூச்சில் மிதியுங்கள். 2000 அருகே தெளிவான உந்துதல் வர வேண்டும். நீலப் புகை ஆயில், கரும்புகை காற்றுக் குறைவு, வெள்ளை எரியாத டீசல் அல்லது கூலண்ட். கடைசியாகச் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைவிட, ஆயில் மாற்றிய இடைவெளிகள் உங்களுக்கு அதிகம் சொல்லும். 1.8 லட்சம் ஓடி, பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில்லோடு வரும் டிசையரை, பில் இல்லாத 80,000 கி.மீ. வண்டிக்கு மேலாக நாங்கள் தேர்ந்தெடுப்போம்.

ஃபியட் எஞ்சினை மாருதியில் மாட்டலாமா?

பிளாக்கும் ஹெட்டும் ஒன்றே என்றாலும் மவுண்ட், வயரிங், சென்சார், கணினி மென்பொருள், டர்போ எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். பழைய எஞ்சினின் வெளிப்பாகங்களை மாற்றி மாட்டி, அதே வண்டியின் கணினியோடு ஓட வைப்பதுதான் நடைமுறை. 75 வண்டியில் 90-இன் டர்போவை மட்டும் வைப்பது வேலைக்காகாது. இதழ்களை இயக்கும் கட்டுப்பாடும் அதற்கான நிரலும் இல்லாமல் அது சுமைதான். எஞ்சின் எண் மாறினால் ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்தில் பதிந்தாக வேண்டும்.

ஏன் நிறுத்தினார்கள்? இனி உதிரி பாகம் கிடைக்குமா?

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 மாசு விதி வந்தது. கரியைப் பிடிக்க டிபிஎஃப், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தனி அமைப்பு என்று சேர்த்தால் சிறிய காரின் விலைக்குக் கட்டுப்படியாகாது. மாருதி டீசலையே கைவிட்டது. தானே செய்த 1.5 லிட்டரும் அத்தோடு நின்றது. சியாஸில் லிட்டருக்கு 28.09 கி.மீ. என்ற சான்றளிக்கப்பட்ட மைலேஜைக் காட்டிய எஞ்சின், விதிமுறையின் செலவால் வெளியேறியது. போலந்து ஆலையை மூடும் முடிவை 2024-இல் ஃபியட்டின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அறிவித்தது.

உதிரிகளுக்குப் பஞ்சம் இல்லை. செயின் தொகுப்பு, ராக்கர், ஃபில்டர், வாட்டர் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாருதியின் சொந்த உதிரியாகவும் வெளிக் கம்பெனிகளின் தயாரிப்பாகவும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஃபியட், செவ்ரோலே வண்டி வைத்திருப்பவர்கள் எஞ்சின் உள்பாகங்களுக்கு மாருதி, டாடா கடைகளில் தேடலாம். ஒரு நிபந்தனை: எஞ்சின் குறியீட்டையும் கழற்றிய பழைய பாகத்தையும் கையில் கொண்டு போங்கள். ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் உண்டு, கடைக்காரர் மாடல் பெயரை மட்டும் கேட்டுக் கொடுப்பது பொருந்தாமல் போகலாம். செயினும் டென்ஷனரும் மட்டும் போலியில் வாங்காதீர்கள். பெட்டியில் பெயர் சரியாக இருந்தாலும் செயின் இணைப்புத் தகட்டில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.